மின்சார வாகனங்களுக்கு அரசின் ஆதரவு: ஆஸ்துமா, நுரையீரல், இதய நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மின்சார வாகனம் வாங்குவோருக்கு மத்திய, மாநில அரசுகள் வழங்கும் சலுகைகள் பெரும்பாலும் எரிபொருள் செலவு, பருவநிலை மாற்றம் ஆகியவற்றோடு சேர்த்தே பேசப்படுகின்றன. ஆனால் புறநோயாளர் பிரிவில் எழும் கேள்விகள் வேறு. "வீட்டில் இருக்கும் பெட்ரோல் வண்டியை மாற்றினால் பிள்ளைக்கு மூச்சிரைப்பு குறையுமா, டாக்டர்?" என்று ஆஸ்துமா உள்ள குழந்தையின் தாய் கேட்கிறார். "பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன், சார்ஜ் போடும் இடத்தின் பக்கத்தில் நிற்கலாமா?" என்று இதய நோயாளி கேட்கிறார். இந்தப் பக்கம் அத்தகைய கேள்விகளுக்காக எழுதப்பட்டது. எந்த நிறுவனத்தின் வண்டியை வாங்கலாம் என்பது பற்றி இங்கு எதுவும் கூறப்படவில்லை.

வாகனப் புகை உடலுக்குள் செய்வது என்ன?

லண்டன் நகரில் போக்குவரத்து மிகுந்த சாலையின் அருகே வாழ்ந்த 9 வயதுச் சிறுமி ஒருத்தி, கடும் ஆஸ்துமாவால் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013ஆம் ஆண்டு இறந்தாள். அவளது இறப்பில் காற்று மாசுக்கும் பங்கு உண்டு என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். மாசினால் ஏற்படும் ஆபத்து குறித்து அவளுடைய தாய்க்கு உரிய தகவல் அளிக்கப்படவில்லை என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. நோயாளியின் குடும்பத்துக்கு இந்தத் தகவலைச் சொல்வது மருத்துவத்தின் ஒரு பகுதியே.

பெட்ரோலும் டீசலும் எரியும்போது வெளிவரும் பொருள்களில் மூன்றை நீங்கள் அறிந்திருந்தால் போதும். முதலாவது, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். இதன் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் முடியும் சளியும் இதைத் தடுக்க இயலாது. நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று படியும். அவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்தில் கலக்கவும் கூடும். அதனால் உண்டாகும் அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தம் உறையும் தன்மையும் இரத்த அழுத்தமும் கூடுகின்றன. இதயத் தமனிகளில் ஏற்கெனவே உள்ள கொழுப்புப் படிவு வெடிக்கும் வாய்ப்பும் அதிகரிக்கிறது. மாசு மிகுந்த நாள்களில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, நைட்ரஜன் டை ஆக்சைடு. இது மூச்சுக்குழாயின் உட்படலத்தைப் புண்படுத்துகிறது. புண்பட்ட மூச்சுக்குழாய், தூசி, மகரந்தம், சளிக் கிருமி ஆகியவற்றுக்கு வழக்கத்தைவிட மிகையாகச் சுருங்கும். காலையில் நலமாகப் பள்ளிக்குச் சென்ற குழந்தை மாலையில் இளைப்புடன் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்றாவது, கார்பன் மோனாக்சைடு. இது இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத் தமனி அடைப்பு உள்ளவருக்குக் குறைந்த அளவே போனாலும் நெஞ்சுவலி விரைவில் வரலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 2009இல் அறிவிக்கப்பட்ட நம் நாட்டுத் தரநிலை 40 மைக்ரோகிராம். ஆகவே, 'தரநிலைக்கு உட்பட்டே உள்ளது' என்ற செய்தியைப் படித்துவிட்டு, நோயாளிக்கு ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. எரிபொருளில் உள்ள கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் அதற்கு முன் விற்கப்பட்ட வண்டிகள் இன்னும் சாலையில்தான் இருக்கின்றன.

பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு: உங்கள் வீட்டு முகப்பு. பெட்ரோல் வண்டியைப் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே, மூடிய போர்டிகோவில் நிறுத்தி, காலையில் கிளப்பிச் சில நிமிடங்கள் ஓடவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் தொடக்கத்தில்தான் அதிகப் புகை விடும். அந்தச் சன்னலுக்குப் பின்னால் ஆஸ்துமா உள்ள குழந்தையோ இதய நோயுள்ள முதியவரோ உறங்கிக்கொண்டிருக்கலாம். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிச் சென்று கிளப்புங்கள். இதற்கு மானியம் தேவையில்லை.

மின்சார வாகனம் எதை மாற்றும், எதை மாற்றாது?

மின்சார வாகனத்துக்குப் புகைக்குழாய் கிடையாது. ஆகவே, மேற்கூறிய வீட்டு முகப்புப் புகை முற்றாக நின்றுவிடும். ஆனால் நீங்கள் சாலையில் சுவாசிப்பது உங்கள் வண்டியின் புகையை அன்று. முன்னே செல்லும் வண்டியின் புகையை. சிக்னலில் நூறு வண்டிகளுக்கு நடுவே நிற்கும் ஒரே மின்சார ஸ்கூட்டரின் ஓட்டுநர், மற்ற தொண்ணூற்றொன்பது வண்டிகளின் புகையைத்தான் உள்ளிழுக்கிறார். நீங்கள் வண்டியை மாற்றுவதன் பயன் பெரும்பாலும் பிறருக்குப் போய்ச் சேரும். பிறர் மாற்றுவதன் பயனே உங்களுக்கு வரும். இதனால்தான் இது தனிமனிதரின் விருப்பத்துக்கு மட்டும் விடப்படாமல் அரசின் செலவில் ஊக்குவிக்கப்படுகிறது.

பயன் உண்டா என்பதற்குச் சான்று கிடைக்கத் தொடங்கியுள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2013 முதல் 2019 வரையிலான பதிவுகளைத் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அஞ்சல் குறியீட்டு வாரியாக ஒப்பிட்டனர். 1,000 பேருக்குப் புகையில்லா வாகனங்கள் 20 கூடியபோது, ஆஸ்துமாவுக்காக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரின் விகிதம் 3.2 விழுக்காடு குறைந்திருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் 1,000க்கு 20 என்னும் சிறிய மாற்றத்திலேயே இவ்வளவு தெரிகிறது என்பது கவனிக்கத்தக்கது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டயர் தேய்வதாலும் சாலைத் தூசி கிளம்புவதாலும் உண்டாகும் துகள்கள் மின்சார வாகனத்திலும் இருக்கும். பேட்டரியின் எடை காரணமாக டயர்த் தேய்மானம் சற்றுக் கூடலாம். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தேய்மானம் குறையும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. எனவே புகையின் ஒரு பகுதி உங்கள் தெருவை விட்டு, எண்ணூர், தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையப் பகுதிகளுக்கு இடம் மாறுகிறது. அங்கு வாழும் நோயாளிகளுக்கு மின்சார வாகனம் மட்டும் விடையாகாது; காற்றாலை, சூரிய மின்சாரத்தின் பங்கு உயர்ந்தால்தான் அவர்களுக்கும் பயன் சேரும். சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் வேளையில் மின்னேற்றம் செய்வது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குள் இருக்கும் புகையையும் மறக்க வேண்டாம். பீடி, சிகரெட், கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் மாற்றுவதால் நோயாளிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. இவற்றுள் எதை முதலில் நிறுத்துவது என்று என்னைக் கேட்டால், வீட்டுக்குள் புகைபிடிப்பதை என்றே சொல்வேன்.

அரசின் ஆதரவு எந்த வடிவில் கிடைக்கிறது?

மத்திய அரசின் ஃபேம் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடைபெற்றது. பின்னர் 2024 அக்டோபர் 1 முதல் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் பி.எம். இ-டிரைவ் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதில் இரு சக்கர வாகனத்துக்குப் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 5,000 ரூபாய் வீதம், ஒரு வண்டிக்கு அதிக அளவாக 10,000 ரூபாய் வரை முதல் ஆண்டில் வழங்கப்பட்டது. 2025-26ஆம் ஆண்டில் இது பாதியாக, அதாவது 5,000 ரூபாய் வரை என்று குறைக்கப்பட்டது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கான மானியத்தின் கடைசி நாள் 2026 மார்ச் 31 என வரையறுக்கப்பட்டது. பேருந்து, ஆம்புலன்ஸ், லாரி ஆகியவற்றுக்கான பகுதி 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. சொந்தப் பயன்பாட்டுக்கான கார்களுக்கு இத்திட்டத்தில் மானியம் இல்லை.

இந்த மானியத்துக்கு நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் சென்று விண்ணப்பிக்க வேண்டியதில்லை. விற்பனையாளரே விலையில் கழித்துக்கொண்டு, ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்ட மின்னணுச் சீட்டில் உங்கள் கையொப்பம் பெறுவார். 'மானியம் வாங்கித் தருகிறேன்' என்று கூறித் தனியே பணமோ ஒருமுறைக் கடவு எண்ணோ கேட்பவரிடம் எதையும் கொடுக்க வேண்டாம்.

மின்சார வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பதிவுச் சான்று வழங்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் இல்லை என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்சார வாகனக் கொள்கை, சாலை வரியில் 100 விழுக்காடு விலக்கு அளித்தது. அக்கொள்கையில் குறிக்கப்பட்ட காலம் 2025 டிசம்பர் 31 வரை. இத்தகைய சலுகைகள் காலவரம்பு கொண்டவை. நீட்டிப்பும் மாற்றமும் அரசாணை வழியே வரும். எனவே முன்பணம் கட்டும் முன், அன்றைய நிலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று இன்றும் சில விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அது 2023 மார்ச் 31க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே உரியது.

என் கருத்தில், நோயாளிகளுக்கு அதிகப் பயன் தரும் செலவு ஸ்கூட்டர் மானியம் அன்று. பேருந்துகளுக்குச் செலவிடப்படும் பணம்தான். ஒரு டீசல் பேருந்து நாள் முழுவதும் நெரிசலான சாலைகளிலேயே ஓடுகிறது. மருத்துவமனை வாயிலிலும் பள்ளி வாயிலிலும் நிற்கிறது. சீனாவின் ஷென்சென் நகரம் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் 2017ஆம் ஆண்டு இறுதிக்குள் மின்சாரத்துக்கு மாற்றியது. சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளின் சேவை தொடங்கியது. படியேறினால் மூச்சு வாங்கும் சி.ஓ.பி.டி. நோயாளிக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும், புகையில்லாமை ஒருபுறமிருக்க, தாழ்தளம் என்பதே பெரிய உதவி. வண்டி வாங்க வசதியில்லையே என்று வருந்தும் குடும்பங்கள், தங்கள் தடத்தில் இப்பேருந்து ஓடுகிறதா என்று பார்க்கலாம்.

பேஸ்மேக்கர், ஐ.சி.டி. பொருத்தியவர்கள்

மின்சாரக் கார்களில் பயணம் செய்வதும் அவற்றுக்கு மின்னேற்றம் செய்வதும் இக்கருவிகளைப் பாதிக்கின்றனவா என்று ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் சோதித்தனர். 2018இல் வெளியான ஆய்வில் 108 நோயாளிகள் பங்கேற்றனர். பாதிப்பு எதுவும் காணப்படவில்லை. அதிவிரைவு மின்னேற்ற நிலையங்களில் 130 நோயாளிகளைக் கொண்டு 561 முறை மின்னேற்றம் செய்து பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது; அதிலும் கருவிகளின் செயல்பாடு மாறவில்லை. எனவே நீங்கள் மின்சாரக் காரிலும் பேருந்திலும் செல்லலாம், மின்னேற்றமும் செய்யலாம். இணைப்புக் கம்பியை மார்பின் மேலோ தோளின் மேலோ சாத்திக்கொண்டு நிற்காமல், இணைத்தவுடன் சில அடி விலகி நின்றால் போதும். தலைச்சுற்றலோ படபடப்போ தோன்றினால் அவ்விடத்தை விட்டு நகர்ந்து, உங்கள் இதய மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்.

இதைவிட உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. சில ஸ்கூட்டர்களில் பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் சென்று மின்னேற்றம் செய்ய வேண்டும். ஏறத்தாழ பத்துக் கிலோ எடை உடையவை உண்டு. பேஸ்மேக்கர் பொருத்திய முதல் சில வாரங்களில் அப்பக்கத்துக் கையால் எடை தூக்கினால் உள்ளே உள்ள மின்கம்பி இடம் பெயரக்கூடும். பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவர் அனுமதிக்கும் வரை இத்தகைய எடையைத் தூக்கக் கூடாது.

வீட்டில் நோயாளி இருக்கையில் மின்னேற்றம்

2022 மார்ச் மாதம் வேலூரில், மின்சார ஸ்கூட்டருக்கு இரவில் மின்னேற்றம் செய்துகொண்டிருந்த வீட்டில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பின், பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரு கட்டங்களில் கடுமையாக்கப்பட்டன. பழைய வண்டியை வாங்க நினைப்பவர்கள் அதன் தயாரிப்பு நாளைப் பார்த்து வாங்குவது நல்லது.

லித்தியம் பேட்டரி எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் புளோரைடு என்னும் நச்சு வாயுவும் வெளிவரும். நலமாக இருப்பவர் ஓடித் தப்பிக்கும் நேரத்தில், நடக்க இயலாத நோயாளி அதைச் சுவாசித்துக்கொண்டிருப்பார். ஆதலால் இவ்விதிகளைப் பராமரிப்பாளர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். நோயாளி படுத்திருக்கும் அறையிலும் வீட்டின் ஒரே வாயிற்படியிலும் மாடிப்படியின் கீழும் வண்டியையோ பேட்டரியையோ வைத்து மின்னேற்றம் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். எல்லோரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றம் வேண்டாம். நிறுவனம் தந்த சார்ஜரை, எர்த் இணைப்புள்ள பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள்; எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வெயிலில் ஓட்டி வந்தவுடன் செருகாமல் வண்டி சூடாறும் வரை காத்திருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியை உலர்த்திவிட்டோம் என்று எண்ணி மின்னேற்றம் செய்யவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனை வீட்டு முகப்புகளில் தண்ணீர் நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி அல்லது சிலிண்டர் பயன்படுத்துவோருக்கு இன்னும் கவனம் தேவை. ஆக்சிஜன் தானே எரியாது. ஆனால் சிறு தீயையும் பெருந்தீயாக்கும். செறிவூட்டியும் வண்டி சார்ஜரும் ஒரே மின்சுற்றில் இருந்தால், சுமை கூடி ஃபியூஸ் போகும்போது நோயாளியின் ஆக்சிஜனும் நின்றுவிடும். இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரியிலிருந்து புகையோ சீறும் ஒலியோ வந்தால் அணைக்க முயலாமல் நோயாளியை முதலில் வெளியேற்றி, 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். அப்புகையைச் சிறிது சுவாசித்திருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நுரையீரலில் நீர் கோத்தல் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

சாலையைக் கடக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். மெதுவாக வரும் மின்சார வண்டியின் ஒலி மிகக் குறைவு. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைவு உள்ள முதியவர்கள் ஒலியை நம்பாமல் துணையோடு கடக்க வேண்டும்.

வண்டியா, மருந்தா?

மாதத் தவணை கட்டுவதற்காக இன்ஹேலரை ஒரு வேளை குறைத்துக்கொள்ளும் நோயாளிகளை நான் பார்க்கிறேன். இது வேண்டாம். ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைப்பது நாள்தோறும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரே. புகையில்லா வண்டி அதற்கு மாற்றாகாது. அரசு மருத்துவமனைகளில் இன்ஹேலர் கட்டணமின்றிக் கிடைக்கிறது. குடும்பத்துக்கு எப்படியும் புது வண்டி தேவைப்படுகிறது, பாதுகாப்பாக மின்னேற்றம் செய்ய இடமும் இருக்கிறது என்றால் மின்சார வண்டியைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக ஓடும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டி இருக்கையில், நோயாளியின் பொருட்டு மட்டும் கடன் வாங்கி அதை மாற்றுமாறு நான் அறிவுறுத்துவதில்லை.

தெருவில் புகை குறையும் வரை அன்றாடப் பாதுகாப்பு உங்கள் கையில்தான் உள்ளது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் உங்கள் ஊரின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். குறியீடு 100ஐத் தாண்டினாலே ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு அசௌகரியம் தொடங்கலாம். 200ஐத் தாண்டிய நாளில் நடைப்பயிற்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நிவாரண இன்ஹேலரை வெளியே செல்லும்போது எப்போதும் உடன் வைத்திருங்கள். அதை எடுத்தும் இளைப்பு அடங்காவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆக்சிஜன் அளவு 92க்குக் கீழே, அல்லது சி.ஓ.பி.டி. நோயாளியாயின் மருத்துவர் குறித்துத் தந்த அளவுக்குக் கீழே இறங்கினாலோ, உடனே 108ஐ அழையுங்கள். அவசரமில்லாத ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.